சி டிரைவை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்தால் பேக்கப் ஆகிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வீட்டில் ஒரு விண்டோஸ் 11 லேப்டாப். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், அப்பாவின் கடைக்கான டேலி கணக்கு, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அந்த ஒன்றில்தான் இருக்கின்றன. 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டீர்கள். சி டிரைவை அப்படியே அதில் காப்பி செய்து வைத்தால், நாளைக்கு லேப்டாப் போய்விட்டாலும் அதைக்கொண்டு பழையபடி ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கடையில் இருக்கும் பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டரை என்ன செய்வது என்றும்.

முடியாது என்பதுதான் நேரடியான பதில். சி டிரைவை இழுத்துப் போட்டால் பாதி வழியிலேயே ‘இந்த ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது’, ‘இதைத் திறக்க அனுமதி இல்லை’ என்று நின்றுகொண்டே இருக்கும். ஸ்கிப், ஸ்கிப் என்று தட்டி எப்படியோ முடித்தாலும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான பகுதி சி டிரைவில் இல்லை. அதே டிஸ்க்கில் தனியாகத் தடுத்து வைத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பார்ட்டிஷனில் இருக்கிறது. அதனால் அந்தக் காப்பியிலிருந்து விண்டோஸ் எழாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும் டேலியோ ஆபீஸோ ஓடாது, ஏனென்றால் அவை தங்கள் விவரங்களை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் பதிவேட்டிலும் வேறு பல இடங்களிலும் பதிந்து வைத்திருக்கின்றன. நீங்கள் கேட்டது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேலைகள் இருக்கின்றன. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது ஒன்று, படுத்துவிட்ட கணினியை எழுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் வழி வேறு, கருவி வேறு, அவசரமும் வேறு.

பல வருடமாக வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: முதல் நேரத்தையும் முதல் காசையும் ஃபைல்களுக்குக் கொடுங்கள். விண்டோஸ் போனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கித் திரும்பப் போடலாம். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசன்ஸ் சாவி அதன் மதர்போர்டிலேயே இருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானே எடுத்துக்கொள்ளும். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவை எந்தத் தளத்திலிருந்தும் இறக்க முடியாது. சர்வீஸ் கடையில் லேப்டாப்பை வாங்கி வைக்கும்போது “டேட்டா வேணுமா சார்?” என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், கவனித்திருப்பீர்கள். வேண்டும் என்றால் ஒரு கட்டணம், நாள் கூடும், முழுசாக வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. வேண்டாம் என்றால் ஃபார்மட் அடித்து ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு நிம்மதியாக “வேண்டாம், என்னிடம் இருக்கிறது” என்று சொல்லும் நிலைமையில் நீங்கள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நோக்கம்.

நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். “முக்கியமானதெல்லாம் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், அதனால் பயமில்லை” என்பார்கள். ஓஎஸ் போட வருகிறவர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து டி-யைத் தொடாமல் விட்டுப் போன அனுபவத்திலிருந்து வந்த பழக்கம் அது. விண்டோஸ் கெட்டுப்போகும் சமயத்துக்கு அது உதவத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலான லேப்டாப்பில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு தடுப்புகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும், லேப்டாப் திருடு போனாலும் அப்படியே. டி டிரைவ் பேக்கப் ஆகாது.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ். இவை எல்லாருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போவது வேறு சில. டேலி, வழக்கமாகப் போட்டபடி விட்டிருந்தால், தன் டேட்டாவை உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருக்காது. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அது எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். டேலி பிரைமில் ஆல்ட்டோடு ஒய் தட்டினால் வரும் டேட்டா மெனுவிலேயே பேக்கப் இருக்கிறது, ஃபோல்டரைக் கையால் இழுப்பதைவிட அது நல்லது. அப்பா அவுட்லுக்கில் மெயில் பார்க்கிறார் என்றால் மெயில்களைச் சேர்த்து வைக்கும் அதன் பிஎஸ்டி ஃபைல் எங்கே என்று தேடி எடுங்கள், எடுக்கும்போது அவுட்லுக்கை மூடிவிடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஃபான்ட். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில் டைப் செய்த கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ மனுவோ வீட்டில் இருக்கும். புது விண்டோஸில் அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட வராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ கொட்டியதுபோல இருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. கெடவில்லை, ஃபான்ட்டைப் போட்டால் திரும்ப வந்துவிடும். ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தத் தமிழ் ஃபான்ட்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். புது லேப்டாப்பை முதலில் ஆன் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து, வந்த கேள்விகளுக்கெல்லாம் நெக்ஸ்ட் கொடுத்திருப்பீர்கள். அப்போதே உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகம் ஒன்று வரைந்திருந்தால் அந்த ஃபைல் உங்கள் லேப்டாப்பில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது, இங்கே இருப்பது பெயர் மட்டும். பச்சை டிக் இருந்தால் இங்கேயும் இருக்கிறது. மேகம் போட்ட ஃபைல்களை நெட் இல்லாத நேரத்தில் எக்ஸ்டர்னலுக்குக் காப்பி செய்ய முடியாது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு’ என்ற பொருளில் வரும் வரியைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருந்து, பிறகு காப்பி எடுங்கள்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இருந்தால் பேக்கப் வேண்டாம்தானே என்று அடுத்துத் தோன்றும். இவை முதன்மையாகச் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் கெட்டுப்போனதாகவே ஏறும். இரண்டிலும் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் கண்டுபிடித்தால் எடுத்துவிடலாம். போன தீபாவளிக்கு அழிந்த ஃபோல்டரைப் பொங்கலுக்குத் தேடினால் இருக்காது. இடமும் குறைவு: ஒன்டிரைவில் இலவசமாக 5 ஜிபி, கூகுளில் ஜிமெயில், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் பேக்கப்’ என்று பெரிதாக ஒன்று இருக்கிறதே, அதுவும் அந்த ஒன்டிரைவ் இடத்தில்தான் போய் வைக்கிறது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது பிரதியாக மிக நல்லது. ஒரே பிரதியாக அதை நம்பாதீர்கள்.

சரி, அந்த 1 டிபி டிஸ்க்கில் எப்படி எடுப்பது? முதல் தடவை சாதாரணமாகக் காப்பி செய்தாலே போதும், ஆனால் அதோடு நின்றால் மூன்று மாதத்தில் மறந்துவிடுவீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது, 11-லும் இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸில் சட்டென்று கண்ணில் படாது. ஸ்டார்ட்டில் பெயரைத் தட்டித் தேடுங்கள். டிஸ்க்கைச் செருகி அதை ஆன் செய்துவிட்டால், மாறிய ஃபைல்களை மணிக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளும், பழைய பதிப்பையும் வைத்திருக்கும். நேற்று மதியம் இருந்த எக்செல் வேண்டும் என்றால் நேற்று மதியத்துக்குப் போய் எடுக்கலாம். சும்மா காப்பி செய்வதில் இது கிடையாது. இன்றைய தப்பான ஃபைல் நேற்றைய சரியான ஃபைலின் மேல் உட்கார்ந்துவிடும். ஒரு குறை என்னவென்றால், அது வழக்கமான ஃபோல்டர்களை மட்டுமே பார்க்கும். டி டிரைவில் இருக்கும் ஃபோல்டரை அது எடுக்க வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரை டாக்குமென்ட்ஸ் லைப்ரரியில் சேர்த்துவிட வேண்டும். டேலி பேக்கப் போகும் ஃபோல்டரை டாக்குமென்ட்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டால் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது, நான் எல்லாருக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன்.

இணையத்தில் சிலர் விண்டோஸில் ஃபைல்களைக் காப்பி செய்யும் ரோபோகாப்பி கட்டளையை ‘மிரர்’ என்ற விருப்பத்தோடு போடச் சொல்வார்கள். வேகமானது, நல்ல கருவி. ஆனால் மிரர் என்றால் மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும், பாதையை மாற்றிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பேக்கப் காலி. பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கை முறையாக இஜெக்ட் செய்து கழற்றி வையுங்கள். செருகியே விட்டு வைப்பது வசதிதான், ஆபத்தும் அதில்தான். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, கணினியில் இருந்த ஃபைல்களோடு அதில் செருகியிருந்த டிஸ்க்கில் இருந்தவற்றையும் பூட்டியது. அது விண்டோஸ் அப்டேட் செய்யாத கணினிகளில் நெட்வொர்க் வழியாக நுழைந்தது. வீட்டுக் கணினிகளை அதிகம் பிடிக்கும் ஸ்டாப் வகை ரான்சம்வேர் வருவதோ பெரும்பாலும் கிராக் செய்த சாஃப்ட்வேரோடு. ‘ஃபுல் வெர்ஷன் ஃப்ரீ’ என்று போட்டோஷாப்பை இறக்கி, அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் எல்லா போட்டோவின் பெயர் முடிவிலும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கும், எதுவும் திறக்காது, ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்கும் ஒரு குறிப்பு கிடக்கும். அப்போது அலமாரியில் கழற்றி வைத்த டிஸ்க் ஒன்றுதான் கை கொடுக்கும். மின்னல், வோல்டேஜ் ஏறி இறங்குவது ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். ஃபைல் ஹிஸ்டரிக்கு டிஸ்க் எப்போதும் செருகியிருக்க வேண்டியதில்லை; அடுத்த முறை செருகும்போது விட்டதைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கு ஏறுகிற நாட்களில் டேலி பேக்கப்பை மட்டும் தினம் ஒரு பென் டிரைவில் எடுப்பது கூடுதல் நல்லது.

அலமாரியில் வைத்த டிஸ்க்கும் லேப்டாப்பும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன என்பது மிச்சமுள்ள ஓட்டை. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்காகத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இருந்தவர்களுக்கும் அந்த மூன்றாவது விதியை விளக்க வேண்டியதில்லை; கம்ப்யூட்டரும் நனைந்தது, பீரோவில் இருந்த டிஸ்க்கும் நனைந்தது. இன்னொரு டிஸ்க் வாங்கி, போட்டோவையும் பத்திர ஸ்கேனையும் அதில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பண்டிகைக்குப் போகும்போது புதுப்பித்துக் கொள்ளலாம். கணக்கு விவரம் அதில் இருந்தால் வெராகிரிப்ட் போன்ற இலவசக் கருவியால் பூட்டிக் கொடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, ஆகவே தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இரண்டாவது டிஸ்க்குக்கு இப்போது கை வரவில்லை என்றால், பத்திர ஸ்கேனும் டேலி பேக்கப்பும் அந்த 15 ஜிபி கூகுள் இடத்துக்கே அடங்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பவே கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், ஓர் ஊழியர் தவறான சர்வரில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், நாள்தோறும் போய்க்கொண்டிருக்க வேண்டிய பேக்கப் இடம் காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறு காரணத்துக்காக ஒருவர் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே முழுசாக எழுதி வெளியிட்டது. அதே வேலையாக இருக்கும் பொறியாளர்களுக்கே இப்படி என்றால், வீட்டில் நாம் செய்யும் பேக்கப்பை அவ்வப்போது திறந்து பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்றால், டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகுங்கள், அதே லேப்டாப்பில் வேண்டாம். ஐந்தாறு வருடம் முந்தைய போட்டோ ஒன்று, நீளமான வீடியோ ஒன்று, ஒரு பத்திர ஸ்கேன், போன வாரம் திருத்திய எக்செல் ஒன்று என்று எடுத்துத் திறங்கள். ஐகான் தெரிகிறது என்பதோடு நிற்காமல் வீடியோவைக் கடைசி வரை தள்ளி ஓட்டுங்கள். பாதியில் நின்ற காப்பி முதல் நிமிடம் நன்றாகவே ஓடும். பிக்சர்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று லேப்டாப்பிலும் கையால் எடுத்த காப்பியிலும் ஒப்பிடுங்கள். டேலி பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது நடப்பு டேட்டா மேல் போடாமல் தனியாக ஒரு புது ஃபோல்டரில் போடுங்கள்.

இனி இரண்டாவது வேலை, கணினியை எழுப்புவது. இதற்கு அந்த 1 டிபி டிஸ்க் வேண்டாம், ஒரு பென் டிரைவ் போதும். ஸ்டார்ட்டில் ரெகவரி டிரைவ் என்று தேடினால் உருவாக்கும் கருவி வரும். மைக்ரோசாஃப்ட் குறைந்தது 16 ஜிபி என்கிறது, நீங்கள் 32 எடுங்கள், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றாக இருக்கட்டும். இதை லேப்டாப் நன்றாக இருக்கும் இன்றைக்கே செய்ய வேண்டும். செய்து வைத்து, அதிலிருந்து ஒரு தடவை கணினியை எழுப்பிப் பாருங்கள். அதற்கு ஆன் செய்தவுடன் தட்ட வேண்டிய விசை எஃப்12-ஆ, எஃப்9-ஆ, எஸ்கேப்-ஆ என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எது என்று கண்டுபிடித்துப் பென் டிரைவ் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவிடுங்கள். நீலத் திரையில் மெனு வந்தால் போதும், எதையும் தட்டாமல் அணைத்துவிடலாம். விண்டோஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடம் ஒரு முறை புதிதாக எழுதச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். இந்தப் பென் டிரைவில் உங்கள் போட்டோ ஒன்றுகூட இருக்காது.

அதைச் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, வீட்டு உபயோகத்தில் இன்றைக்கு நான் பார்க்கும் பெரிய ஆபத்து அதுதான். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய், டிஸ்க்கையே சாவி போட்டுப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். தினசரி வேலையில் தெரியாது. மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆனாலோ, திடீரென்று ஒரு நீலத் திரை வந்து அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீயைக் கேட்கும், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். அது இல்லை என்றால் சர்வீஸ் சென்டராலும் முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் முடியாது. சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏறியிருக்கும். எந்தக் கணக்கு? லேப்டாப் வாங்கிய கடையில் பையன் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத கணக்காக இருக்கலாம். இன்றே அந்தக் கணக்கில் நுழைந்து, சாவியைப் பார்த்து, தாளில் எழுதுங்கள் அல்லது பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் கோப்பில் வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமிப்பதால் பயனில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழாமல் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவை நிறுவனக் கணினிகள், வீட்டுக் கணினிகள் அல்ல. குறைந்தபட்ச வசதிகளோடு விண்டோஸ் எழும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தால் தீரும் பிரச்சினைதான். ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த இடங்களில் அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

‘எல்லாம் அப்படியே வேண்டும்’ என்றீர்களே, அதற்கு இமேஜ் என்று ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ், புரோகிராம், மறைந்த பார்ட்டிஷன் எல்லாம் சேர்த்து டிஸ்க்கை முழுசாகப் படமெடுப்பது. குளோன்ஜில்லா, ரெஸ்கியூஜில்லா இரண்டும் இலவசம். முன்னது கறுப்புத் திரையில் கேள்வி கேட்கும், பின்னது மவுஸால் செய்யலாம். பலர் பழைய கட்டுரைகளைப் பார்த்து இதே வேலையைச் செய்யும் மேக்ரியம் மென்பொருளின் இலவசப் பதிப்பைத் தேடுகிறார்கள், அதை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. அதே லேப்டாப்பில் டிஸ்க் மட்டும் போய், புது டிஸ்க் மாற்றினால், இமேஜ் அருமையாக வேலை செய்யும், இது உறுதி. வேறு கம்பெனி லேப்டாப்பில் அந்த இமேஜைப் போட்டால் எழுமா என்றால், எழலாம், எழாமலும் போகலாம்; வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள் பொருந்தாமல் நிற்பதும், லைசன்ஸ் ஒத்துக்கொள்ளாததும் நான் பார்த்த விஷயம்தான். அதனால் வீட்டுக்கு இமேஜ் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். டேலி போல மறுபடி போட்டு ஆக்டிவேட் செய்ய நேரம் பிடிக்கும் மென்பொருள் இருப்பதால் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று எடுக்கலாம். ஃபைல் பேக்கப்புக்கு அது மாற்று ஆகாது.

ஒரு நாள் லேப்டாப் எழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதலில் என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், ‘இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாம்’ என்று ஒவ்வொரு முறையும் போடும்போது உள்ளே சேதம் கூடலாம். சத்தம் இல்லை, விண்டோஸ் மட்டும்தான் எழவில்லை என்றால், இரண்டு மூன்று முறை எழும் வழியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் அடுத்த முறை ரிப்பேர் மெனு தானே வரும், இல்லாவிட்டால் உங்கள் பென் டிரைவ் இருக்கிறது. ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது, விண்டோஸ் அமைப்புகளை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வரிசையில் முயலுங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் உங்கள் போட்டோவைத் தொடாது. அழிந்த போட்டோவைத் திருப்பித் தராது என்பதும் அதே காரணத்தால்தான். பல கணினிகளில் அது அணைத்தே இருக்கும். ‘ரீசெட் திஸ் பிசி’ கடைசி வழி. ‘என் ஃபைல்களை வைத்திரு’ என்று தேர்ந்தெடுத்தாலும் போட்ட புரோகிராம்கள் போய்விடும், பேக்கப் கையில் இல்லாமல் அதை அழுத்தாதீர்கள். டிஸ்க் மேலேயே சந்தேகம் இருந்தால், டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கருவியை ஓட்டிச் சரிசெய்யப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைல்களை வெளியே எடுங்கள். கெட்டுப்போன இடங்களையும் தேடச் சொன்னால் செக்டிஸ்க் டிஸ்க் முழுவதையும் படிக்கும், தள்ளாடுகிற டிஸ்க்குக்கு அது பெரிய பாரம்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் பற்றிக் கேட்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்தவுடன் நிறுத்திவிட்டு முயன்றால் நிறைய வரும். இன்றைய லேப்டாப்பில் இருக்கும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி-யில், அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு சீக்கிரமே துடைத்துவிடும் என்பதால் பெரும்பாலும் எதுவும் வராது. டிஸ்க்கைத் திறந்து உள்ளே வேலை செய்து எடுப்பது தனித் துறை, அதற்கென்று தூசி இல்லாத அறையோடு இருப்பவர்கள் செய்ய வேண்டியது, என் வேலை அல்ல. எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். ஒரு டிஸ்க் எத்தனை வருடம் உழைக்கும் என்பதும் அப்படித்தான். டிஸ்க் நலத்தைக் காட்டும் மென்பொருள்கள் ‘குட்’ என்று பச்சையில் காட்டும். 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கு மேல் அந்த முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூட முன்னால் காட்டியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் உடனே நம்புங்கள், வராததை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கடைசியாக அப்பாவின் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது; பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவித்தார்கள். எப்படியானாலும் கணக்கு வேலையை அதிலிருந்து மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதையே 11-க்கு ஏற்றப் பார்ப்பதானாலும் சரி, வேறு கணினிக்குப் போவதானாலும் சரி, முதலில் டேலி பேக்கப், பிறகு முழு ஃபைல் காப்பி, பிறகுதான் கை வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே 2018 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸையும் போட்டோக்களையும் அழித்ததால் அதைப் பாதியில் நிறுத்திவைக்க நேர்ந்தது. மாற்றி முடித்த பிறகும் பழைய கணினியை உடனே விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். புது இடத்தில் டேலியைத் திறந்து, போன நிதியாண்டின் லெட்ஜர் இரண்டு மூன்றையும் இந்த மாத ஸ்டாக்கையும் அப்பா தன் பில் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு பழையதை ஃபார்மட் செய்யுங்கள்.